செல்லுக்குள் உலகம் கண்ட ஜானகி அம்மாள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடுகையாவது கண்ணால் காணலாம், விரலால் எடுக்கலாம். கண்ணுக்கே தெரியாத ஒரு துகளுக்குள் ஓர் உலகம் அடங்கியிருக்கிறது என்றால் நம்புவது கடினம் அன்றோ! ஆனால் அது உண்மை. அந்தத் துகளுக்குச் செல் என்று பெயர். புல்லும் பனையும், மீனும் மனிதனும் செல்களால் ஆனவையே.

திரேஸ்புரத்துக் கடற்கரையில் வளரும் நமக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. முத்து எப்படி உண்டாகிறது? மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்பது முன்னோர் சொன்ன அழகான கதை. சிப்பியின் உடலைச் சுற்றியுள்ள மெல்லிய சதைப் போர்வையின் செல்களே முத்தைச் செய்கின்றன என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. ஓடு கட்டுவதற்காக அச்செல்கள் சுரக்கும் பளபளப்பான பொருள், உள்ளே அகப்பட்ட ஏதேனும் ஒன்றைச் சுற்றிப் படிந்து படிந்து முத்தாகிறது. 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அந்தச் சதைப் போர்வையின் சிறு துண்டை ஓர் உருண்டை மணியுடன் மற்றொரு சிப்பிக்குள் வைத்து முத்து விளைவித்துக் காட்டினர். ஆக, மன்னர் மார்பில் தவழ்ந்த முத்துகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத செல்களின் கைவேலையே!

செல்லின் படத்தை நாங்கள் பலமுறை வரைந்திருக்கிறோம். பாகங்களைக் குறித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வெங்காயத் தோலை உரித்து, சாயம் தொட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று எங்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. செங்கல் அடுக்கியது போன்ற கட்டங்களும், கட்டத்துக்கு ஒரு புள்ளியுமே தெரிந்தன. புத்தகத்தில் இருந்த மற்ற உறுப்புகள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டோம். நாங்கள் படத்தைத் தேடுகிறோமே தவிரச் செல்லைப் பார்க்கவில்லை என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சிரித்துக்கொண்டே கூறினார். அச்சொல்லின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. செல்லைப் பார்ப்பதையே தம் வாழ்க்கையாகக் கொண்ட ஒரு பெண்மணியின் வரலாற்றைப் படித்த பிறகே விளங்கியது. அவர்தாம் இந்தியாவின் புகழ்பெற்ற செல்லியல் விஞ்ஞானி டாக்டர் ஜானகி அம்மாள்.

பிறப்பும் இளமையும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் நாள் மலபார்க் கடற்கரையிலுள்ள தலைச்சேரியில் பிறந்தார். இன்று கேரளத்தில் இருக்கும் அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் எடவலத்து கக்காட் கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். நீதிமன்ற வேலை முடிந்ததும் அவருடைய மனம் தோட்டத்துச் செடிகளையும் பறவைகளையும் நாடும். வட மலபார்ப் பறவைகளைப் பற்றி எழுதியவர் அவர். தந்தையின் தோட்டமே மகளுக்கு முதல் பள்ளிக்கூடமாக அமைந்தது எனின் மிகையாகாது.

தலைச்சேரியில் கன்னியர் நடத்திய திரு இருதயப் பள்ளியில் ஜானகி கல்வி பயின்றார். நம்மைப் போலவே கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த ஒரு சிறுமிதான் பின்னாளில் உலகம் அறிந்த விஞ்ஞானியானார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் பெருமையால் நிறைகிறது.

அக்காலத்தில் பெண்கல்வியின் நிலை என்ன? 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு பெண்களுள் ஏறக்குறைய ஒருவருக்கே எழுதப் படிக்கத் தெரியும். வசதி படைத்த வீடுகளிலும் பெண்ணுக்கு வயது வந்தால் மாப்பிள்ளை பார்ப்பார்களே தவிரக் கல்லூரி பார்ப்பது அரிது. ஜானகியின் சகோதரிகளும் பெரியோர் பார்த்து வைத்த வழியில் இல்லறம் புகுந்தனர். ஜானகியின் மனமோ புத்தகத்திலும் பூவிலும் இருந்தது. அவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

சென்னைக்கு வந்த அவர், மெரினாக் கடற்கரையிலுள்ள ராணி மேரிக் கல்லூரியில் பட்டப் படிப்பும், மாநிலக் கல்லூரியில் தாவர இயல் ஆனர்ஸ் படிப்பும் பயின்றார். 1921இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்து, தாம் பெற்ற கல்வியைத் தம்மைப் போன்ற பெண்களுக்கு வழங்கினார்.

கடல் கடந்த கல்வி

அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்று பார்பர் உதவித்தொகை என்ற ஒன்று ஏற்படுத்தப்பட்டிருந்தது. அந்த உதவித்தொகையைப் பெற்று 1924இல் ஜானகி அம்மாள் அமெரிக்கா சென்றார். விமானப் பயணம் எளிதில் கிடைக்காத காலம். கப்பலில் வாரக்கணக்காகச் செல்ல வேண்டும். புடவை கட்டிய ஓர் இளம்பெண் தன்னந்தனியே அவ்வளவு தூரம் சென்றார் என்றால் அவருடைய துணிவை என்னென்பது!

அங்கே முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து மீண்டும் சென்னையில் கற்பித்தார். பின்னர் மறுபடியும் மிச்சிகன் சென்று, 1931இல் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்றார். தாவர இயலில் இவ்வுயர்ந்த பட்டத்தை அமெரிக்காவில் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி இவரே என்று கருதப்படுகிறது. நிக்காண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களைப் பற்றியது அவருடைய ஆராய்ச்சி. அது கத்திரி, தக்காளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி.

குரோமோசோம் என்றால் என்ன? அதை அறிய நாம் செல்லுக்குள் நுழைய வேண்டும்.

செல் என்னும் துறைமுகம்

செல்லை நம் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒப்பிடலாம். துறைமுகத்துக்குள் நினைத்தவர் நினைத்தபடி நுழைய முடியுமா? வாயிலில் காவல் உண்டு. செல்லுக்கும் செல் சவ்வு என்னும் காவல் உண்டு. வேண்டியதை உள்ளே விட்டு, வேண்டாததைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. தாவரச் செல்லுக்கு அதற்கும் வெளியே செல் சுவர் என்னும் மதிலும் இருக்கிறது. எலும்பு இல்லாத மரம் நிமிர்ந்து நிற்பது இம்மதிலின் பலத்தால்தான்.

துறைமுகம் இயங்க மின்சாரம் வேண்டும். செல்லுக்கு ஆற்றல் தரும் மின் நிலையம் மைட்டோகாண்ட்ரியா. நாம் உண்ட உணவிலிருந்து, நாம் மூச்சில் இழுத்த ஆக்ஸிஜனின் துணையோடு அது ஆற்றலை எடுத்துத் தருகிறது. சங்கு குளிக்கும் நம் தந்தையரின் தோள் தசைகளில், ஒவ்வொரு தசைச் செல்லிலும் இத்தகைய மின் நிலையங்கள் ஏராளமாக வேலை செய்கின்றன.

ரைபோசோம்கள் புரதம் செய்யும் தொழிற்கூடங்கள். எண்டோபிளாச வலைப்பின்னல், செய்த பொருளைக் கொண்டு செல்லும் பாதை. கோல்கை உறுப்பு, வந்த சரக்கைப் பிரித்துக் கட்டி, போகவேண்டிய இடத்துக்கு அனுப்பும் கிடங்கு. எதையேனும் சுரந்து வெளியே அனுப்பும் செல்களில் இவ்விரண்டும் மிகுதியாக இருக்கும். லைசோசோம்கள் பழுதானதையும் கழிவையும் கரைத்துத் துப்புரவு செய்பவை. தாவரச் செல்லின் நடுவே பெரிய குமிழி ஒன்று தண்ணீர்த் தொட்டி போல நிறைந்திருக்கும். அதில் நீர் குறைந்தால் கீரை வாடுகிறது. நீர் தெளித்தால் மறுபடி நிமிர்கிறது. இலையின் பசுங்கணிகமோ சூரிய ஒளியைக் கொண்டு சமைக்கும் அடுக்களை. அந்த அடுக்களை எரியாவிட்டால் உலகில் யாருக்கும் உணவில்லை.

இத்தனையையும் நடத்தும் தலைமை அலுவலகம் உட்கரு. அங்கேதான் குரோமோசோம்கள் இருக்கின்றன. நெல் நெல்லாகவும், கரும்பு கரும்பாகவும், நாம் நம் தாய் தந்தையின் சாயலோடும் பிறப்பதற்குரிய கட்டளைகள் எல்லாம் அவற்றில் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வோர் இனத்துக்கும் குரோமோசோம் எண்ணிக்கை உண்டு. வெங்காயத்துக்கு 16, மக்காச்சோளத்துக்கு 20, நெல்லுக்கும் கத்திரிக்கும் 24, மனிதனுக்கு 46.

ஆனால் இவற்றை எண்ணுவது எளிதன்று. சாதாரண நேரத்தில் அவை சிக்குப் பிடித்த நூல் போலக் கிடக்கும், தனித்தனியே தெரியா. செல் இரண்டாகப் பிரியும் சமயத்தில் மட்டுமே சுருண்டு தடித்து வெளிப்படும். ஆகவே செல்கள் விரைவாகப் பிரியும் வேரின் நுனியைக் கிள்ளி எடுக்க வேண்டும். அதைச் சாராயமும் அசிட்டிக் அமிலமும் கலந்த நீரில் இட்டு அந்த நிலையிலேயே நிறுத்த வேண்டும். சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடிப் பெருவிரலால் பதமாக அழுத்த வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், மிகுந்தால் சிதறிப்போகும். ஒரு தகட்டில் சரியாக விழாவிட்டால் அடுத்த தகடு. அதுவும் சரியில்லையா, அதற்கும் அடுத்தது!

இதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு ஓர் உண்மையைச் சொல்லலாம். மனிதச் செல்லின் குரோமோசோம்கள் 48 என்றே 1923 முதல் உலகம் முழுவதும் எழுதி வந்தார்கள். ஒருவர் எண்ணியதைப் பார்த்து மற்றவரும் அப்படியே எழுதினார்கள். 1956இல்தான் அது 46 என்று திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, தவறான எண்ணைச் சரியான விடை என்று மாணவர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்! எழுதி வைத்ததை நம்பாமல் தம் கண்ணால் கண்டு, தாமே எண்ணி, எண்ணியதை மட்டுமே சொல்லும் ஒழுக்கம் இத்துறைக்கு உயிர். அந்த ஒழுக்கத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தவர் ஜானகி அம்மாள்.

கரும்பில் கண்ட கணக்கு

தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தார். பிறகு கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் இந்திய உழவர் பயிரிட்ட கரும்பு மெலிந்தது, சாறு குறைந்தது. வெளிநாட்டுத் தடிக்கரும்பில் இனிப்பு மிகுதி. ஆனால் நம் நாட்டு வெயிலையும் குளிரையும் நோயையும் அது தாங்கவில்லை. ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணல் போன்ற காட்டுக் கரும்போ எதையும் தாங்கும். இனிப்பு மட்டும் இல்லை. இவ்விரண்டையும் கலந்து புதிய கரும்பை உண்டாக்கும் அரும்பணி, 1912இல் தொடங்கப்பட்ட கோவை நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் ஆகிய அறிஞர்களால் நடந்து வந்தது.

கலப்பு நடந்தது, பலனும் கிடைத்தது. ஆனால் செல்லுக்குள் என்ன நடக்கிறது? எந்தக் கரும்பை எதனோடு சேர்த்தால் பயன் கிடைக்கும்? இதற்கு விடை காண, உட்கருவுக்குள் பார்க்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார். அந்த வேலையை ஜானகி அம்மாள் ஏற்றார். தடிக்கரும்பின் செல்லில் 80 குரோமோசோம்கள். காட்டுக் கரும்பில் அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுபடும். அந்தச் சின்னஞ்சிறு கோடுகளை எண்ணுவதென்றால் ஒரு கைப்பிடி அரிசியை மேசையில் கொட்டி, தொடாமல் எண்ணுவது போலத்தான்! அவர் பொறுமையாக எண்ணினார். கரும்பைச் சோளம் முதலிய பிற புல்லினங்களுடனும் கலந்து பார்த்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து கண்ட முடிவு 1938இல் உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழில் வெளிவந்தது.

குரோமோசோம் கணக்கு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வாழைப்பழத்தை எடுத்துக்கொள்வோம். நாம் உண்ணும் பெரும்பாலான வாழைப்பழங்களில் விதை இல்லை. ஏன்? குரோமோசோம் தொகுதிகள் இரண்டாக இருந்தால் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து, சரிபாதியாகப் பிரிந்து, விதை உண்டாகும். இவ்வாழைகளிலோ மூன்று தொகுதிகள் உள்ளன. மூன்று பேர் ஜோடி சேர்ந்தால் ஒருவர் தனித்து நிற்பார் அன்றோ! அதனால்தான் விதை உண்டாவதில்லை. இவ்வாறு மூன்று தொகுதி கொண்ட கத்திரியைப் பற்றியும் ஜானகி அம்மாள் ஆராய்ந்திருக்கிறார்.

கோவையில் அவருடைய வாழ்க்கை மலர்ப்பாதையாக இருக்கவில்லை. ஆண்களே நிறைந்த ஆராய்ச்சி உலகில் தனித்து வாழ்ந்த பெண் அவர். பிற்பட்டதென்று ஒதுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். இரண்டினாலும் அவர் மனம் வருந்த நேர்ந்தது. ஆயினும் குரோமோசோம்கள் எண்ணுபவரின் சாதியைக் கேட்பதில்லை. ஆணா பெண்ணா என்றும் கேட்பதில்லை. சரியாக எண்ணுகிறாரா என்பதே கணக்கு. 1935இல் ஜானகி அம்மாள் இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குண்டு மழைக்கு நடுவே

1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு கூடியது. அதற்குச் சென்றிருந்த சமயத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே தங்கி, லண்டனுக்கு அருகில் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியேற்றார்.

லண்டன் மீது விமானங்கள் குண்டு வீசிய நாட்கள் அவை. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் ஒதுங்குவார் என்றும், விடிந்ததும் உடைந்து கிடக்கும் கண்ணாடிகளைக் கூட்டி எடுத்துவிட்டு மறுபடி ஆராய்ச்சியில் அமர்வார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். வெளியே நகரங்கள் அழிந்துகொண்டிருந்தபோது, உள்ளே ஒரு செல் இரண்டாகி வாழ்வதைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார் அவர்!

அந்த உழைப்பின் பயனாக 1945இல், டார்லிங்டன் என்ற பேரறிஞரோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து ஒரு பெருநூலை அவர் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான செடிகளின் கணக்கு அதில் உண்டு. பல நாட்டு விஞ்ஞானிகளும் அதைத் தங்கள் மேசைமேல் வைத்துப் பயன்படுத்தினர்.

பின்னர் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் பணியாற்றினார். கால்சிசின் என்னும் நச்சுப்பொருளைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. இப்பொருள் நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும்கூட இருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகளை அது உருவாகவிடாமல் தடுத்துவிடும். குரோமோசோம்கள் இரட்டித்திருக்கும், செல்லோ பிரியாமல் நின்றுவிடும். ஆகவே ஒரே செல்லில் இருமடங்கு தங்கிவிடும். பன்மயம் என்று நாங்கள் பாடத்தில் படிப்பது இதைத்தான். இவ்வகையில் அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களுள் வெண்ணிற மலர் பூக்கும் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

தாயகத்தின் அழைப்பு

விடுதலை பெற்ற இந்தியாவுக்கு இத்தகைய அறிவாளிகள் தேவைப்பட்டனர். 1951இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அவர்களின் அழைப்பை ஏற்று ஜானகி அம்மாள் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டுச் செடிகளை நம் நாட்டவரே சேகரித்து, நம் நாட்டிலேயே வைத்து ஆராய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியை மனிதன் எவ்வாறு மாற்றி வருகிறான் என்பது பற்றி ஒரு மாநாடு கூடியது. அதற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண்மணி அவர்தாம்.

அலகாபாத், ஜம்மு முதலிய இடங்களில் பணியாற்றிய பின், 1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவர இயல் உயர் ஆய்வு மையத்துக்கு வந்தார். சென்னைக்கு அருகிலிருந்த மதுரவாயல் கள ஆய்வுக்கூடமே அவர் வீடாயிற்று. அங்கே மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்தார். 1977இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அமைதிப் பள்ளத்தாக்குக்காக

வயது எண்பது. ஓய்வெடுக்க வேண்டிய பருவம். அப்போதுதான் ஜானகி அம்மாளுக்கு மற்றொரு கடமை வந்தது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் பழமையான மழைக்காடு இருக்கிறது. குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டனர். அணை கட்டினால் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கிப்போகும். மின்சாரமும் மக்களுக்கு வேண்டியதுதான். ஆனால் ஒருமுறை மூழ்கிய காட்டை மறுபடி யாரால் படைக்க முடியும்?

எதிர்த்துக் குரல் கொடுத்தவர் பலர். ஜானகி அம்மாளும் அவர்களுள் ஒருவர். அவருடைய எதிர்ப்பு வெறும் பேச்சாக இருக்கவில்லை. அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியை அவர் மேற்கொண்டார். தம் வாழ்நாள் முழுவதும் கற்ற வித்தையை, வாய் பேசாத மரங்களுக்காகச் சாட்சி சொல்லப் பயன்படுத்தினார்! ஓர் இலையின் செல்லில் ஆயிரமாயிரம் தலைமுறைகளின் எழுத்து இருக்கிறது என்று அறிந்தவருக்கு ஒரு காடு வெறும் விறகாகத் தெரியுமா?

1984ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மதுரவாயலில், பணியில் இருந்தபடியே, தம் 86ஆவது வயதில் ஜானகி அம்மாள் காலமானார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை. ஆனால் காடு இருக்கிறது.

இன்று ஜம்முவிலுள்ள உலர்தாவரச் சேகரிப்பு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கொடைக்கானலில் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. வகைப்பாட்டியலில் சிறந்த விஞ்ஞானிகளுக்கு மைய அரசு அவர் பெயரால் விருது வழங்கியிருக்கிறது.

நமக்கு ஒரு பாடம்

இவ்வரலாற்றைப் படித்த பிறகு நாங்கள் மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றோம். இம்முறை வெங்காயத் தோலுக்குப் பதில் வெங்காய வேரின் நுனியை எடுத்தோம். முதல் தகடு கெட்டது. இரண்டாவதும் கெட்டது. நான்காவது தகட்டில், ஒரு செல்லின் நடுவே, சிறு சிறு கோடுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கக் கண்டோம். ஒரு செல் இரண்டாகும் வேளையில் அப்படியே நிறுத்தப்பட்டிருந்தது. எண்ணிப் பார்த்தோம். ஒருத்திக்குப் பதினான்கு, மற்றொருத்திக்குப் பதினேழு, எங்களில் ஒருவருக்கும் பதினாறு வரவில்லை! புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதிவிடலாமா என்ற ஆசை வந்தது. ஆனால் ஜானகி அம்மாளின் வாழ்க்கையைப் படித்துவிட்டு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. கண்டதைக் கண்டபடியே குறிப்பேட்டில் எழுதினோம். ஆசிரியை அதைத் தவறென்று அடிக்கவில்லை. மறுபடி எண்ண மற்றொரு நாள் தந்திருக்கிறார்.

தோழியரே! பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம்மில் சிலருடைய வீடுகளில் ஒரு கேள்வி எழும். மேலே படிக்க வைப்பதா, இத்துடன் போதுமா என்பதே அக்கேள்வி. கடலை நம்பி வாழும் குடும்பங்களில் அக்கேள்விக்குக் காரணங்களும் உண்டு. அவற்றை நாம் அறியாமல் இல்லை. ஆயினும் இதை வாசிக்கும் அன்புப் பெற்றோரை நாங்கள் பணிவோடு வேண்டுவது ஒன்று. தலைச்சேரியில் ஒரு தந்தையின் தோட்டத்தில் ஓடித் திரிந்த சிறுமியை அந்த வீடு படிக்கவிட்டது. அதனால் நம் நாட்டுக் கரும்பின் செல்லுக்குள் நடப்பது விளங்கியது. ஒரு காட்டுக்காகப் பேச ஒருவர் கிடைத்தார். எங்கள் கடற்கரையிலும் அத்தகைய சிறுமியர் இல்லாமலா போவார்கள்?

விலையுயர்ந்த முத்து ஒன்றைக் கண்ட வணிகன் தனக்குள்ளதை எல்லாம் விற்று அதை வாங்கினான் என்று நம் ஆண்டவர் உவமை கூறியிருக்கிறார். முத்துக் கடற்கரையில் பிறந்த நமக்கு அவ்வுவமை மற்றவர்களைவிட நன்றாக விளங்கும். முத்துக்காக மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் நாம். ஜானகி அம்மாள் கண்ட முத்து கல்வி. அதற்காகத் தம் சுகத்தையும் ஓய்வையும் விற்றார். அவர் இறங்கிய ஆழம் கடலைவிடப் பெரியது. ஒரு செல்லின் உட்கரு!

இறைவன் தம் படைப்பின் அற்புதங்களை மலையிலும் கடலிலும் மட்டும் வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத செல்லிலும் வைத்திருக்கிறார். அவற்றைப் பொறுமையோடு பார்க்கும் கண்ணையும், கண்டதை மாற்றாமல் சொல்லும் நெஞ்சையும் நமக்குத் தருமாறு பனிமய அன்னை வழியாக அவரை வேண்டுவோம். ஜானகி அம்மாள் காட்டிய வழியில் நடந்து நம் பள்ளிக்கும் திரேஸ்புரத்துக்கும் பெருமை சேர்ப்போமாக!